சேர்க்கையை வெட்டினால் சிகரெட் போய்விடுமா?

மே 3, இரவு 9.40

கேட்டவர் ஒரு தாய். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "என் மகனுக்கு 14 வயது. அவனோடு சுற்றும் இரண்டு பையன்கள் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று தெரியவந்தது. அவன் சட்டையிலும் ஒருநாள் வாடை அடித்தது. சேர்க்கை சரியில்லை, அதை வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். வெட்டிவிடலாமா?"

போதாது, சகோதரி. எனக்கு 15 வயதில் இதே காரணத்துக்காக இரண்டு நண்பர்களோடு பேசக்கூடாது என்று வீட்டில் தடை போட்டார்கள். ஒரே வாரத்தில் வேறு மூன்று பேரைத் தேடிக்கொண்டேன். மூவரும் புகைப்பவர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

மே 4, காலை 6.15

எனக்கு எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்குப் பின்னால் பாதி இடிந்த மதில் ஒன்று உண்டு. மாலையில் பெரிய வகுப்புப் பையன்கள் நான்கைந்து பேர் அங்கே நிற்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வருடம் தாண்டிப் போயிருக்கிறேன். ஒருவன்கூட என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஒருநாள் காற்று பலமாக அடித்தது. நெட்டையான ஒருவன் குச்சியைக் கிழிக்கக் கிழிக்க அது அணைந்துகொண்டே இருந்தது. நான் நின்றேன். தீப்பெட்டியை வாங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி, குச்சியைக் கிழித்து, இரண்டு கைகளையும் குவித்து, சுடர் நிமிரும்வரை பொறுத்திருந்து அவன் முகத்தருகே நீட்டினேன். குனிந்து பற்றவைத்துக்கொண்டான். நிமிர்ந்து, "உன் பெயர் என்ன?" என்றான்.

அந்தக் கேள்விக்காகத்தான் மறுநாளும் அங்கே போய் நின்றேன். முதல் ஒரு மாதம் நான் புகைக்கவே இல்லை. தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருக்கும், அவ்வளவுதான். யாரும் வற்புறுத்தவில்லை. "சின்னப் பையன், இவனுக்கு வேண்டாம்" என்று ஒருவன் தடுக்கக்கூடச் செய்தான். அந்தச் "சின்னப் பையன்"தான் என்னைத் தள்ளியது. முதல் இழுப்பில் இருமி, கண்ணில் நீர் கட்டி, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் சிரித்தபடி முதுகில் தட்டினார்கள். நெஞ்சு எரிந்தது. முதுகில் பட்ட அந்தக் கைகள் எனக்குப் பிடித்திருந்தன.

மே 4, மதியம் 1.05

ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்படியானால் வற்புறுத்தல் என்பதே கிடையாதா?" உண்டு. கேலி செய்து, சவால் விட்டு வாயில் திணிக்கும் கூட்டமும் இருக்கிறது. நான் அறிந்தவரை பெரும்பாலும் நடப்பது அது இல்லை. யாரும் ஒன்றும் சொல்லாமலே ஒரு பிள்ளை தனக்குத்தானே அழுத்தம் கொடுத்துக்கொள்கிறது.

மே 5, இரவு 11.20

நேற்று காலை எழுதியதை மறுபடி படித்தபோது உறுத்துகிறது. அந்தப் பையன்கள் என்னை இழுத்துக்கொண்டார்கள் என்பதுபோல ஒரு தொனி அதில் விழுந்திருக்கிறது. உண்மையில் நான்தான் போனேன். வீட்டுக்குப் போக வேறு வழியும் இருந்தது. சற்றுச் சுற்று, அவ்வளவுதான்.

ஆய்வாளர்களும் பல வருடமாக மல்லுக்கட்டும் இடம் இது. புகைப்பவனின் நண்பன் புகைக்கிறான் என்றால், நண்பனைப் பார்த்து இவன் பழகினானா, அல்லது புகைக்கும் மனம் உள்ள இருவர் ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்களா? ஒரே வகுப்பைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் இரண்டுமே நடக்கிறது என்கின்றன. எனக்கு நடந்ததும் அதுதான். முதலில் நான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு அவர்கள் என்னை மாற்றினார்கள்.

ஆகவே சேர்க்கையை வெட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, சகோதரி. உங்கள் மகன் அந்த இரண்டு பேரிடம் போய் நிற்பதற்கு என்ன காரணம்? வேறு எங்கே அவனுக்கு இடம் கிடைக்கவில்லை?

மே 6, காலை 7.30

"எல்லாம் அவரவர் மன உறுதி, சுற்றுப்புறத்தின் மேல் பழி போடாதீர்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ஐயா, அந்த மன உறுதி தனியாக இருக்கும்போது ஒருவிதமாகவும் கூட்டத்தில் வேறுவிதமாகவும் இருக்கிறது.

2005-இல் கார்டனர், ஸ்டெய்ன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 306 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்ப்பது. தனியாக ஆடியபோது வயதுக்கு வயது பெரிய வித்தியாசம் இல்லை. சமவயதினர் இருவர் பக்கத்தில் நின்றபோது 13 முதல் 16 வயது வரையானவர்கள் எடுத்த ஆபத்து மிகவும் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களுக்கு யார் நின்றாலும் ஒன்றுதான். ஆபத்து எது என்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். பார்க்க ஆள் இருந்ததால் அதன் எடை மாறிவிட்டது.

இந்த வயதுதான் கண்டம். அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012 அறிக்கைப்படி, தினமும் புகைக்கும் பெரியவர்களில் 88 சதவீதம் பேர் முதல் சிகரெட்டை 18 வயதுக்குள் பிடித்தவர்கள். 26 வயதைத் தாண்டிய பிறகு தொடங்குபவர் அநேகமாக இல்லை. 40 வயதில் ஒருவர் மன உறுதி இல்லாமல் புகைக்கிறார் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அவர் 15 வயதில் ஒரு மதிலோரம் எடுத்த முடிவைத்தான்.

மே 8, இரவு 10.10

இன்று எண்கள். அமெரிக்காவின் பிராமிங்காம் ஊரில் நடந்த இதய ஆய்வில் 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து கவனித்த பதிவுகளை வைத்து, கிறிஸ்டாகிஸ், பௌலர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணவனோ மனைவியோ புகைப்பதை விட்டால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36. உடன்பிறந்தவர் விட்டால் 25. மனிதர்கள் ஒவ்வொருவராக அல்ல, கொத்துக் கொத்தாக விட்டிருக்கிறார்கள். விடாதவர்கள் மெல்ல மெல்லக் கூட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

மே 9, காலை 6.50

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு அந்த 36-ஐயும் 25-ஐயும் அப்படியே பொருத்தக்கூடாது. எண்களைப் பார்த்த உற்சாகத்தில் எழுதிவிட்டேன். பழக்கம் உறவின் வழியாகத்தான் நடமாடுகிறது என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துக்குத் தள்ளப்படுவது என்பது பெரியவர்களுக்கு ஒரு தண்டனை. பிள்ளைகள் உலகத்தில் அந்த ஓரமே தனியாக ஒரு கூட்டமாகிவிடும், அதற்கென்று ஒரு கவர்ச்சியும் வந்துவிடும்.

மே 11, இரவு 8.30

என் மகளுக்கு 13 வயது. இன்று சாப்பிடும்போது கேட்டேன்: "உன் வகுப்பில் எத்தனை பேர் சிகரெட்டோ மின்சிகரெட்டோ பிடித்துப் பார்த்திருப்பார்கள்?"

யோசிக்கவே இல்லை. "பாதிப் பேராவது இருக்கும், அப்பா."

"பெயரைச் சொல்லாதே. விரலை மட்டும் மடக்கு. உனக்கு உறுதியாகத் தெரிந்தவர்களை மட்டும்."

தட்டில் இருந்த கையை எடுத்து, இடது கை விரல்களை மடக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு விரல் சட்டென்று மடங்கின. மூன்றாவதுக்குக் கொஞ்சம் நேரம். நான்காவது விரலைப் பாதி மடக்கி, "இவன் சும்மா சொல்லிக்கொள்கிறான் என்று நினைக்கிறேன்" என்று மறுபடி நிமிர்த்திவிட்டாள். மூன்று விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் 40 பேர்.

"அப்படியானால் ஏன் எல்லோரும் பிடிக்கிற மாதிரி தோன்றுகிறது?" என்று அவளே கேட்டாள்.

புகைப்பவர்கள் கண்ணில் படுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. புகைக்காத 37 பேரைப் பற்றி யார் பேசுவார்கள்? பிள்ளைகள் தம் வயதினரில் எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே புகைப்பவர்கள் இன்னும் கூட்டிச் சொல்கிறார்கள். எல்லோரும் செய்வது என்று தோன்றிவிட்டால், செய்யாமலிருப்பதற்குத்தான் காரணம் தேவைப்படுகிறது. என் 15 வயதில் யாராவது என் விரலை மடக்கச் சொல்லியிருக்கலாம்.

மே 12, மதியம் 2.00

"நண்பர்களை விடுங்கள், திரையில் காட்டுவதைப் பேசுங்கள்" என்று இரண்டு பேர். பேசுகிறேன். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: அதுவரை ஒருமுறைகூடப் புகைக்காத, 10 முதல் 14 வயதுள்ள 2,603 பிள்ளைகள். திரைப்படங்களில் புகைக்கும் காட்சிகளை மிக அதிகமாகப் பார்த்தவர்கள், மிகக் குறைவாகப் பார்த்தவர்களைவிடப் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல். என்னை நிறுத்திய செய்தி அதற்கு அடுத்தது. பெற்றோர் புகைக்காத வீட்டுப் பிள்ளைகளிடம்தான் திரையின் தாக்கம் கூடுதலாக இருந்தது. வீட்டில் புகையைப் பார்க்கிற பிள்ளைக்கு இருமலும் வாடையும் தெரியும். பார்க்காத பிள்ளைக்குத் திரையில் வருவது மட்டும்தான் தெரியும்.

விற்பவர்களுக்கு இது நம்மைவிட முன்பே தெரியும். 1929-இல் நியூயார்க்கில் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட் பற்றவைத்தபடி நடக்கவைத்து, அதை விடுதலையின் சுடர் என்று செய்தித்தாள்களில் வரச்செய்தவர் எட்வர்ட் பெர்னேய்ஸ் என்ற மக்கள் தொடர்பு ஆலோசகர். பின்னால் இருந்தது ஒரு புகையிலை நிறுவனம். சிகரெட்டின் சுவையைப் பற்றி அந்த ஊர்வலத்தில் ஒரு வார்த்தை இல்லை. யாரோடு சேர்ந்து நடக்கலாம் என்று காட்டினார்கள், அது போதுமானதாக இருந்தது.

மே 15, இரவு 9.00

ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: "பள்ளியில் பாடம் எடுத்தால் போதாதா? நுரையீரல் படம் காட்டுகிறோமே."

மனம் தளராமல் இதைப் படியுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 40 பள்ளி மாவட்டங்கள், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். மூன்றாம் வகுப்பிலிருந்து பள்ளி முடியும்வரை, நண்பர்களின் அழுத்தத்தை எப்படி எதிர்ப்பது என்று முறையாகப் பாடம் நடத்தினார்கள். 2000-இல் முடிவு வெளியானது. பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் புகைப்பதில் வித்தியாசமே இல்லை.

இன்னொன்றையும் படியுங்கள். பிரிட்டனில் 59 பள்ளிகள், 12, 13 வயதுப் பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல். "உங்களில் யார் பேச்சை மற்றவர்கள் கேட்பார்கள்?" என்று பிள்ளைகளையே கேட்டார்கள். அதிகம் பெயர் வந்தவர்களுக்குப் பள்ளிக்கு வெளியே இரண்டு நாள் பயிற்சி. பிறகு பத்து வாரம், பஸ்ஸிலும் உணவு இடைவேளையிலும், சாதாரணப் பேச்சின் நடுவே அவர்கள் இதைப் பற்றிப் பேசினால் போதும். மேடை கிடையாது. இரண்டு வருடம் கண்காணித்ததில், அந்தப் பள்ளிகளில் புகைப்பது மற்றப் பள்ளிகளைவிடக் குறைவாக இருந்தது. முடிவு 2008-இல் வெளியானது.

கவனியுங்கள், ஆசிரியர் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. பிள்ளைகள் தேர்ந்தெடுத்தவர்கள். அதில் வம்புக்காரப் பையனும் இருந்திருப்பான், கடைசி பெஞ்சுக்காரியும் இருந்திருப்பாள். என் மதிலோரத்து நெட்டையன் அப்படி ஒருவன். அவன் வேறு ஏதாவது கையில் வைத்திருந்தால் நானும் அதையே பிடித்திருப்பேன்.

மே 17, காலை 10.25

முதலில் கேட்ட சகோதரி மறுபடி எழுதியிருக்கிறார். "ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். என் கணவரும் புகைப்பவர்தான். ஆனால் மகன் முன்னால் ஒருநாளும் பிடித்ததில்லை. மாடிக்குப் போய்விடுவார். அவனுக்குத் தெரியாது."

தெரியும், சகோதரி.

மே 17, இரவு 11.45

காலையில் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன், அவருக்குச் சுட்டிருக்கும். விளக்குகிறேன்.

என் அப்பாவும் எங்கள் முன்னால் பிடிக்கமாட்டார். தெருமுனையிலேயே எறிந்துவிட்டு வருவார். வீட்டுக்குள் வந்ததும் வாய் கொப்புளித்து, கை கழுவி, பிறகுதான் எங்களைத் தொடுவார். அவ்வளவு கவனம். ஆனால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாரே, அதில் முகத்தை வைத்தால் அப்பாவின் வாசம் வரும். வியர்வையும் புகையும் சோப்பும் கலந்த வாசம். எனக்கு அது பாதுகாப்பின் வாசம். மதிலோரத்தில் நின்ற முதல் நாள் எனக்கு அச்சமே வராமல் போனதற்கு அந்தச் சட்டையும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

பிடிபட்ட அன்று அப்பா அறைந்தார். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அறைந்த கையிலேயே வாடை இருந்தது. அதை அவரும் உணர்ந்தார் என்று நினைக்கிறேன்; கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசாமலே 16 வருடம் புகைத்தேன்.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள். பெற்றோர் புகைப்பதை விட்டுவிட்ட வீட்டில் பிள்ளை தொடங்கும் வாய்ப்பு குறைகிறது. பிள்ளை சிறிதாக இருக்கும்போதே விட்டால் இன்னும் நல்லது. உடனே விட முடியவில்லை என்றாலும், வீட்டுக்குள் யாரும் புகைக்கக்கூடாது என்ற விதி இருப்பதே பயன் தருகிறது. "என்னால் விட முடியவில்லை, நீ தொடங்காதே" என்று அப்பாவின் வாயால் வரும் சொல் அறையைவிட ஆழமாகப் போகும். என் அப்பா அதைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன்.

மே 20, காலை 6.40

சேர்க்கையை வெட்டினால் பயனே இல்லை என்பதுபோல மே 3-இல் எழுதினேன். இரண்டு வாரம் யோசித்ததில் அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

17 வயதில் குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்தது. முதல் மூன்று வாரம் எரிச்சல், தூக்கமின்மை. அதன் பிறகு நான்கு மாதம் நான் புகைக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, நானும் சபதம் போடவில்லை. கூட நின்று பிடிக்க ஆள் இல்லை. அதனால் நின்றுபோனது. ஆகவே இடமாற்றம் வேலை செய்கிறது.

கல்லூரியில் முதல் நாள். நூற்றுக்கணக்கான முகங்கள், தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம் ஒரு வளைவில் நான்கு பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். நிற்கும் விதத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. போய் "நெருப்பு இருக்கிறதா?" என்றேன். பத்து நிமிடத்தில் எனக்கு நான்கு நண்பர்கள். புது இடத்தில் பேச்சைத் தொடங்க எனக்கு வேறு எந்த வழியும் தெரிந்திருக்கவில்லை. பந்து ஆடத் தெரியாது, பாடத் தெரியாது.

உங்கள் மகனுக்கு வேறு என்ன தெரியும், சகோதரி? இதைக் குறையாகக் கேட்கவில்லை. அதைத்தான் வளர்க்க வேண்டும்.

மே 23, இரவு 9.15

ஒரு நாடே அப்படிச் செய்து பார்த்திருக்கிறது. ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதினரில் 23 சதவீதம் பேர் தினமும் புகைத்தார்கள். 2016-இல் 3 சதவீதம். பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதை விட்டுவிட்டு, அவர்கள் வாழும் சூழலை மாற்றினார்கள். விளையாட்டு, இசை, நடனம் என்று மாலை நேரத்தை நிரப்ப அரசே பணம் கொடுத்தது. 13 முதல் 16 வயது வரையானவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் வெளியே சுற்றக்கூடாது என்று சட்டம். பெற்றோர்கள் கூடி, "நம் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருப்போம், ஒருவர் பிள்ளையை மற்றவரும் கவனிப்போம்" என்று கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தக் கடைசி விஷயம்தான் என் மனதில் நிற்கிறது. அந்த இரண்டு பையன்களை வெட்டிவிடச் சொல்கிறார் உங்கள் கணவர். அவர்களுக்கும் ஒரு வீடு இருக்கிறது. அங்கேயும் ஒரு தாய் "உங்கள் மகன் சேர்க்கைதான் என் பிள்ளையைக் கெடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். மூன்று வீட்டுக்காரர்களும் ஒருமுறை பேசிக்கொள்ளலாமே.

மே 24, காலை 8.00

சகோதரியிடமிருந்து இரண்டு வரி. "நேற்று என் கணவர் மகனை மாடிக்கு அழைத்துப் போனார். பாக்கெட்டை அவன் கையில் கொடுத்து, தான் பிடிப்பதைச் சொன்னாராம். அவன் 'மூன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும், அப்பா' என்றானாம்."

மே 27, இரவு 12.30

தூக்கம் வரவில்லை. தவிர்த்துக்கொண்டே வந்த ஒன்றை எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரு தம்பி. மூன்று வயது இளையவன். நண்பர்கள், அப்பா, திரை, விளம்பரம் என்று இவ்வளவு எழுதினேனே, அவனுக்குச் சுற்றுப்புறம் என்றால் நான்தான். என் நடை அவன் நடை, என் தலைவாரல் அவன் தலைவாரல். எனக்கு 16 வயதானபோது, படிக்கட்டுக்குக் கீழே பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால் பாதி பிடித்த சிகரெட்டை ஒளித்து வைப்பேன். அவன் அதைக் கண்டெடுத்துப் பற்றவைத்தான். அவனுக்கு 13 வயது.

மகள் பிறந்த வருடம் நான் விட்டேன். நான்கு முறை தோற்று ஐந்தாம் முறை. 13 வருடம் ஆகிறது. தம்பி விடவில்லை. அவன் படியேறும்போது இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் செய்தித்தாள் கட்டு நினைவுக்கு வருகிறது.

மே 31, காலை 7.10

உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். அதற்காக எழுத வரவில்லை. தம்பி நேற்றிரவு அழைத்தான். இவற்றை எல்லாம் படித்திருக்கிறான்.

"அண்ணா, கடைசியில் எழுதியது தவறு. நான் கண்டெடுக்கவில்லை. நீதான் கொடுத்தாய்."

இல்லை என்றேன். அவன் பொறுமையாகச் சொன்னான். படிக்கட்டுக்குக் கீழே நான் பிடித்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்துவிட்டான். அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்றான். நான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, "ஒரு இழுப்பு இழு, அப்புறம் நீயும் சொல்ல முடியாது" என்றேனாம்.

அவன் சொல்லச் சொல்ல வந்துவிட்டது. அந்தக் குறுகிய இடம். என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த அவன் முழங்கால். அவன் இருமியது. யாருக்கும் கேட்டுவிடக்கூடாதே என்று நான் ஒரு கையால் அவன் வாயைப் பொத்தி, இன்னொரு கையால் முதுகில் தட்டிக்கொடுத்தது.

மே 27 குறிப்பில் "கண்டெடுத்து" என்று இருப்பதை "நான் கொடுத்து" என்று மாற்றிப் படியுங்கள்.

"இப்போது ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டேன். பன்னிரண்டு என்றான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் மூத்த பையனுக்கு 12 வயது.